நிலக்கரி, மின்சாரம், உழைப்பாளி: அம்பேத்கர் பொறுப்பில் இருந்த நான்கு ஆண்டுகள்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் ஓடவும், நிட்டிங் எந்திரம் சுழலவும் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி காற்றாலைகளிலிருந்து வருகிறது. ஒரு பகுதி அணைகளிலிருந்து வருகிறது. பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஒடிசாவின் தால்சேர் வயலில் வெட்டப்படும் கரி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, இரயிலில் மேட்டூர் அனல்மின் நிலையத்தை அடைகிறது. இந்த நீண்ட சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் மனிதர்கள் நிற்கிறார்கள். சுரங்கத்தில் ஒருவர், கரி இறக்கும் இடத்தில் ஒருவர், கொதிகலன் அருகே ஒருவர், சாம்பல் அள்ளும் இடத்தில் ஒருவர், இறுதியில் தையல் எந்திரத்தின் முன் ஒருவர். இவர்களில் யார் எந்தச் சாதியிலிருந்து வருகிறார், யாருக்கு நிரந்தர வேலை, யாருக்கு ஒப்பந்தக் கூலி என்பது தற்செயலாக அமைவதில்லை.

இந்தச் சங்கிலி முழுவதையும் ஒரே பார்வையில் வைத்து ஆராய்ந்த அரசியல் தலைவர் ஒருவர் இந்தியாவில் இருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர். அரசியலமைப்பை வரைந்தவராக அவரை நாடே அறியும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நலனும் நாட்டின் மின்சாரக் கொள்கையும் ஒரே நேரத்தில் அவருடைய மேசையில் இருந்தன என்பதை அவரைக் கொண்டாடுவோரிலும் பலர் அறியார்.

ஆலைப் பகுதியில் வளர்ந்தவர்

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்த அம்பேத்கர், சிறுவயதிலேயே குடும்பத்துடன் பம்பாய்க்கு வந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவர்கள் குடியேறிய பரேல் பகுதி, பஞ்சாலைத் தொழிலாளரின் குடியிருப்புகள் நெருங்கிய இடம். பின்னர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளாதாரம் பயின்று திரும்பியபோதும், 1930களின் நடுப்பகுதி வரை அவர் அங்குள்ள பி.ஐ.டி. சாலில்தான் வாழ்ந்தார். தொழிலாளர் பிரச்சினையை நூலகத்தில் கற்பதற்கு முன்பே தாம் வாழ்ந்த தெருவில் கண்டவர் அவர்.

அந்த ஆலைகளுக்குள் தீண்டாமை தன் எல்லைகளை வகுத்திருந்தது. தறியின் நாடாவில் நூல் அறுந்தால் அதன் துளை வழியே புதிய நூலை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. ஒரு தலித் தொழிலாளி வாய் வைத்த நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொட மறுத்தார். கூலி அதிகமான நெசவுப் பிரிவு இதனால் தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவே அவர்களுக்கு எஞ்சியது. இந்தத் தடையை நீக்குவதைத் தொழிற்சங்கம் தன் கோரிக்கையாக ஏற்கவேண்டும் என்று 1928 வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் வலியுறுத்தினார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்யும் மனிதர்களையே படிநிலையில் அடுக்கிப் பிரிக்கிறது என்ற அவருடைய பிற்கால முடிவுக்கு இந்த ஆலை அனுபவமும் ஓர் அடித்தளம்.

இன்னொரு விதையும் இளமையிலேயே விழுந்தது. இந்தியாவின் சிறு நில உடைமைகள் குறித்து 1918இல் வெளியிட்ட கட்டுரையில், நிலத்தை ஒன்று சேர்ப்பது மட்டும் வேளாண்மையின் நோயைத் தீர்க்காது என்றார். நிலத்தை நம்பி வேலையின்றி முடங்கிக் கிடக்கும் உழைப்பைத் தொழில்துறை ஈர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய வாதம். கிராமத்தில் நிலமற்றவர் யார் என்பதை நினைத்தால் இந்த வாதத்தின் சாதிப் பொருள் விளங்கும். தொழில்துறைக்கு மின்சாரம் தேவை என்ற அடுத்த படிக்கு அவர் கால் நூற்றாண்டு கழித்து வந்தார்.

1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய இரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளருக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரு பகைகள் உண்டு என்று விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் பொதுவுடைமையினருடன் தோளோடு தோள் நின்றார்.

சுரங்கத்துக்குள் இறங்கிய உறுப்பினர்

1942 ஜூலையில் அவர் தொழிலாளர் துறையை ஏற்றபோது உலகப் போர் உச்சத்தில் இருந்தது. இரயில், ஆயுதத் தொழிற்சாலை, பஞ்சாலை, மின்நிலையம் என அனைத்தும் நிலக்கரியைக் கேட்டன. ஜரியாவிலும் இராணிகஞ்சிலும் கரி வெட்டியோரில் சந்தால்கள், பவுரிகள் உள்ளிட்ட பழங்குடி, பட்டியல் சாதி மக்களே பெருந்தொகையினர். போர்க்காலக் கட்டுமானப் பணிகளில் மேலான கூலி கிடைத்ததால் பலர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். கரி உற்பத்தி சரிந்தது.

இந்த நெருக்கடியில் அரசு எடுத்த ஒரு முடிவு அம்பேத்கரின் வாழ்க்கையில் மிகக் கடினமான பக்கம். நிலத்தடியில் பெண்கள் வேலை செய்வதற்கு 1930களின் இறுதிக்குள் முழுத் தடை வந்திருந்தது. 1943இல் அந்தத் தடை தற்காலிகமாக விலக்கப்பட்டது. மகளிர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. மத்திய சட்டமன்றத்தில் ரேணுகா ராய் கடுமையாக எதிர்த்தார். 1944 பிப்ரவரியில் அவையில் இந்த முடிவுக்கு விடையளிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர் அம்பேத்கர். இது போர்க்கால அவசரம், நிரந்தரக் கொள்கை அன்று என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற நெறி இங்கே நடைமுறைக்கு வருவதையும் சுட்டினார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளில் இருளில் இறங்கிய பெண்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகப் பெண்கள் என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதிகாரத்தில் பங்கேற்ற ஒரு தலைவர் அந்த அதிகாரத்தின் நெருக்கடிகளையும் சுமக்கிறார். அந்த நெருக்கடிக்குள் தொழிலாளிக்கு எதைப் பெற்றுத் தந்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அவர் என்ன செய்தார்? 1943 டிசம்பரில் தன்பாத் வயலுக்குச் சென்று சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்புகளையும் நேரில் கண்டார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் பிறந்தது. வெட்டப்படும் ஒவ்வொரு டன் கரியின் மீதும் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றை அளிப்பது அதன் நோக்கம். உற்பத்தியாகும் பொருளின் விலையிலேயே உழைப்பாளியின் நலனுக்குரிய பங்கு அடங்கியிருக்க வேண்டும் என்ற கருத்து இதில் உள்ளது. நலன் முதலாளியின் கருணையாக வந்தால் அவர் நினைத்தபோது நின்றுவிடும். தீர்வையாக வந்தால் கரி வெட்டப்படும் வரை நிற்காது. சுரங்கப் பெண்களின் மகப்பேற்றுக் காலப் பயன்களை விரிவாக்கிய திருத்தங்களும், சுரங்கங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்கும் ஏற்பாடும் இதே காலத்தில் வந்தவை.

மின்சாரம் யாருக்காக?

அப்போது தொழிலாளர் துறையின் கீழேயே பாசனமும் மின்சக்தியும் இருந்தன. 1943 அக்டோபரில், போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்காக அமைந்த பொதுப்பணி மற்றும் மின்சக்திக் கொள்கைக் குழுவின் கூட்டத்தை அம்பேத்கர் தலைமையேற்று நடத்தினார். மின்சாரம் தனியாரிடம் இருக்க வேண்டுமா, அரசிடம் இருக்க வேண்டுமா என்ற கேள்வியை அவர் அங்கே முன்வைத்தார். நாட்டுக்கு மின்சாரம் எதற்குத் தேவை என்பது அதைவிட அடிப்படையான கேள்வி. தொழில்மயமாக்கல் இல்லாமல் வறுமையின் சுழலிலிருந்து மக்களை மீட்க முடியாது. மலிவான, போதுமான மின்சாரம் இல்லாமல் தொழில்மயமாக்கல் இல்லை. இதுவே அவருடைய தருக்கம். 1918இல் எழுதிய கட்டுரையின் நூல் இங்கே வந்து முடிச்சிடுகிறது.

கருத்தோடு அவர் நிற்கவில்லை. 1944இல் மத்தியத் தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது. மாகாணங்களின் மின்தேவையைக் கணக்கிட்டு, திட்டங்களை ஒருங்கிணைப்பது அதன் பணி. 1945இல் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் தோன்றியது. 1943 வெள்ளம் தாமோதர் ஆற்றின் கரையை உடைத்து இரயில் பாதையைத் துண்டித்த பின்னர், அந்தப் பள்ளத்தாக்கை முழுமையாகத் திட்டமிடும் முயற்சியும் அவர் துறையின் கைக்கு வந்தது. அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வங்காள, பீகார் மாகாணங்களுடன் 1945இல் கல்கத்தாவில் கூட்டங்கள் நடந்தன. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் ஆகிய மூன்றும் ஒரே திட்டத்தில் இணைந்தன. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் சட்டமாக உருப்பெற்றது; அதன் பொகாரோ அனல்மின் நிலையம் 1953இல் இயங்கத் தொடங்கியது. மாநில மின்வாரியங்களுக்கு வழி வகுத்த 1948ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டமும் அந்த ஆண்டுகளில் தொடங்கிய சிந்தனையின் தொடர்ச்சியே. அந்தச் சட்டத்தின் வழியில்தான் 1957இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது.

இந்தத் திட்டங்களுக்கு விலை கொடுத்தோரும் உண்டு. மைத்தன், பாஞ்சேத் அணைகளால் நிலம் இழந்தோரில் பழங்குடியினர் ஏராளம். வளர்ச்சியின் பயன் ஒடுக்கப்பட்டோரைச் சேரவேண்டும் என்று தொடங்கிய திட்டம், அவர் பதவி விலகிய பின் வேறு கைகளில் நிறைவேறியபோது, சுமையை அவர்கள் மீதே இறக்கியது.

நேரம், சங்கம், இடஒதுக்கீடு

பதினான்கு மணி நேர வேலையை அம்பேத்கர் எட்டு மணியாகக் குறைத்தார் என்ற செய்தி சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் சுற்றுகிறது. உண்மை இதைவிடத் துல்லியமானது. 1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை வாங்கலாம். 1946இல் வந்த திருத்தம் அதை 48 மணியாகக் குறைத்தது. ஆறு நாள் வேலைக்கு எட்டு மணி என்ற கணக்கு இதிலிருந்து வருகிறது. அந்த மசோதாவை அவைக்குக் கொண்டு வந்தவர் அம்பேத்கர். ஓராண்டு வேலை செய்தவருக்குப் பத்து நாள் சம்பளத்துடன் விடுப்பு என்ற 1945ஆம் ஆண்டுத் திருத்தமும் அவர் காலத்தது. செய்ததை மிகைப்படுத்தாமல் சொன்னாலே அவருடைய பங்கு போதுமான அளவு பெரியது.

1942 ஆகஸ்டில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தும் மாநாட்டு முறை தொடங்கியது. 1943இல், தொழிற்சங்கத்தை முதலாளி கட்டாயமாக அங்கீகரிக்க வேண்டும் என்ற திருத்த மசோதாவைக் கொண்டு வந்தார். அது 1947இல் நிறைவேறியும் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. 1946 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவை முன்வைத்தார். அது 1948இல் சட்டமாயிற்று. அதே ஆண்டில் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்துக்கு அடிப்படையான அடார்க்கர் அறிக்கையும் இந்தக் காலத்தில் உருவானதே.

இவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய மற்றொன்று உண்டு. 1942 அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விரித்து வைஸ்ராயிடம் ஒரு விண்ணப்பம் அளித்தார். மத்திய அரசுப் பணிகளில் இடஒதுக்கீடும், அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகையும் அதன் கோரிக்கைகளில் அடங்கும். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டு முழுமை மூன்றில் ஒரு பங்கு விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டன. மின்சாரத்தை அரசே நடத்த வேண்டும் என்ற அவர் விருப்பத்தையும் இந்த ஒதுக்கீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்நிலையம் அரசுடையதானால் அதன் கட்டுப்பாட்டு அறையில் சேரி மாணவருக்கும் ஓர் இருக்கை உண்டு. இலாபத்தை மட்டுமே நோக்கும் கைகளில் அது இருந்தால் அவருக்குச் சாம்பல் கிடங்கு மட்டுமே மிஞ்சக்கூடும். 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற ஆவணத்தில், அடிப்படைத் தொழில்கள் அரசின் உடைமையாக இருக்க வேண்டும் என்பதை அரசியலமைப்பிலேயே எழுதிவிடக் கோரினார். அது ஏற்கப்படவில்லை.

1946இல் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பின்னர் சட்ட அமைச்சரானார். அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1951இல் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார்.

சங்கிலி அறுபடும் இடம்

பைகாரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கிய பின்னரே கோவை, திருப்பூர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. பின்பு நெய்வேலி, எண்ணூர், தூத்துக்குடி, மேட்டூர் என அனல்மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேட்டூர் அனல்மின் நிலையம் 1987இல் தொடங்கியது. இன்று அதன் நிறுவுதிறன் 1440 மெகாவாட். இவை அரசு நிறுவனங்கள். எனவே இடஒதுக்கீடு வழியே பட்டியல் சாதிப் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் அங்கே நுழைந்தார்கள். அம்பேத்கர் திறந்த வாசல் அது.

ஆனால் ஓர் அனல்மின் நிலையம் கட்டுப்பாட்டு அறையோடு முடிவதில்லை. இரயிலில் வரும் கரியை இறக்க வேண்டும். கன்வேயரில் சிந்துவதை அள்ள வேண்டும். மாவாக அரைத்த கரியைக் கொதிகலன் எரித்த பின், மூன்றில் ஒரு பங்கு எடைக்கு எஞ்சும் சாம்பலை அகற்ற வேண்டும். பராமரிப்புக்காக நிறுத்தும்போது சூடாறாத கொதிகலனுக்குள் இறங்க வேண்டும். இந்த நிலையங்களில் இவ்வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளரிடம் விடப்பட்டுள்ளது. ஒப்பந்த முறை வந்தவுடன் அம்பேத்கர் கட்டிய நான்கு காப்புகளும் ஒருசேர விழுகின்றன. ஒப்பந்தக்காரர் இடஒதுக்கீட்டைப் பின்பற்ற வேண்டியதில்லை. சங்கம் யாரிடம் பேசுவது என்பதே வழக்காகிறது. வேலை நேரம் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. நலநிதிக்கான கணக்கு இடைத்தரகரிடம் சிக்குகிறது. 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1981இலிருந்தே இருக்கிறது. அந்த 480 நாளை நிரூபிக்கவே ஒரு தொழிலாளி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியுள்ளது. 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் உண்டு. ஆபத்து அருகில் இருக்கும் வேலைக்கே உரிமை குறைவாக இருக்கிறது.

சங்கிலியின் மறுமுனையான திருப்பூரிலும் இதே கதைதான். இங்கே எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆனால் பெரும்பாலான கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம் என்பது இயல்பான நாளாகிவிட்டது. 48 மணி என்ற எல்லை, பீஸ் ரேட் கணக்கிலும் காண்டிராக்ட் கணக்கிலும் கரைந்துபோகிறது. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்தம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சட்டம் திரும்பியது, ஒன்றரை ஷிப்ட் திரும்பவில்லை. கைமடியாகவும் டெய்லராகவும் நிற்போரில் கொங்கு நாட்டு அருந்ததியர் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். கரி தோண்டப்படும் அதே மாநிலங்களிலிருந்து, கரி வரும் திசையிலேயே, மனிதர்களும் வருகிறார்கள்.

அம்பேத்கரின் இந்த நான்கு ஆண்டுகளை இன்று படிப்பதன் பயன் அவர் சிலைக்கு இன்னொரு மாலை சூட்டுவதில் இல்லை. கரி, மின்சாரம், உழைப்பு மூன்றும் ஒரே துறையாக அவர் கையில் இருந்தன. இன்று மூன்றும் மூன்று அமைச்சகங்களில் இருக்கின்றன. மின்திட்டங்கள் மெகாவாட்டில் மட்டும் பேசப்படுகின்றன. தலித் இயக்கங்கள் இடஒதுக்கீட்டைப் பேசும்போது ஒப்பந்தத் தொழிலாளியை மறந்துவிடுகின்றன. தொழிற்சங்கங்கள் ஒப்பந்தத் தொழிலாளியைப் பேசும்போது அவருடைய சாதியை மறந்துவிடுகின்றன. இரண்டையும் சேர்த்துக் கேட்க அம்பேத்கரின் வாழ்க்கை இடம் தருகிறது. அரசு மின்நிலையங்களின் ஒப்பந்தப் பணிகளில் யார் எந்த வேலையில் இருக்கிறார் என்ற சாதிவாரிக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். நிரந்தரத் தன்மை உள்ள வேலைகள் நிரந்தரப் பணியிடங்களாக்கப்பட்டு, அவற்றுக்கு இடஒதுக்கீடு பொருந்த வேண்டும். கல்லூரி மாணவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தக் கணக்கைக் கேட்கலாம். தொழிற்சங்கத் தோழர்கள் பேச்சுவார்த்தை மேசையில் வைக்கலாம். மின்சாரம் எதற்காக என்று 1943இல் எழுப்பிய கேள்விக்கு அவர் தம் விடையைச் சொல்லிவிட்டார். அது யாருடைய உழைப்பில், எந்த உரிமையோடு உற்பத்தியாகிறது என்பதற்கு விடை கேட்க வேண்டியது நம் பொறுப்பு.